கோழிக்கு வந்த அம்மை

அத்தியாயம் 11

குழந்தைக்குக் கொப்புளம் கிளம்பி அன்றோடு மூன்று நாள். கோழிகளுக்குக் கிளம்பிப் பத்து நாள். முதலில் கோழி, அப்புறம் குழந்தை. இந்த வரிசையைக் கண்டுபிடித்துச் சொன்னவள் தம்பி மனைவி. அவள் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் யாரும் பல்லக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. பல் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, அவசரத்தில் பல்லக்கா ஆகிவிட்டது. "பல்லக்கா, இன்னைக்கு உங்களை யார் தூக்கிட்டுப் போறது?" என்று பஸ் ஸ்டாப்பில் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவளும் சிரித்து வைப்பாள்.

பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷன் ஒருநாள் இன்னொரு வீட்டுக்குக் குடிபோய்விட, அவள் ஒரே ஒரு பெட்டியோடு அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வீட்டில் தம்பி குடும்பம் இருந்தது. கொல்லைப்பக்கத்து அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வந்த இரண்டாம் மாதம் ஆறு குஞ்சு வாங்கினாள். இப்போது பத்துக் கோழி.

கோழிகள் மேல் உனக்கு அவ்வளவு பாசமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். காலையில் கூண்டைத் திறந்தால் பத்தும் அவளைத் தேடி ஓடி வந்தன. அந்த வீட்டில் அவளைத் தேடி ஓடி வருகிற இன்னொரு ஜீவன், தம்பி மகள் வாண்டு. அந்த வாண்டுதான் இப்போது உடம்பெல்லாம் கொப்புளத்தோடு ஜன்னலை மூடிய அறைக்குள் படுத்துக்கிடக்கிறது. அத்தை உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு.

அன்று காலை ஆறரைக்கே பல்லக்கா கொல்லையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர், பஞ்சு, அயோடின், ஒரு பழைய துண்டு.

ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, சிறகடிக்க முடியாதபடி துண்டில் சுற்றி, இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பத்தில் ஆறுக்கு வந்திருந்தது. கொண்டையில் மிளகு மிளகாகப் பருக்கள். அலகு ஓரத்தில் கருத்துத் தடித்த பொருக்கு. அலகைப் பிரித்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். வாய்க்குள் மஞ்சளாகப் படை கட்டியிருந்தால்தான் பயம். ஒன்றுக்கும் இல்லை. பொருக்கைப் பிய்க்காமல் சுற்றிலும் துடைத்து, அயோடினைத் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

கடைசியாகக் கோணவாய்.

பிறக்கும்போது அதற்கு அலகு நேராகத்தான் இருந்தது. வளர வளர மேலலகு நீண்டு, கீழலகைத் தாண்டி இடதுபக்கம் வளைந்து, திறந்து வைத்த கத்தரிக்கோல் மாதிரி ஆகிவிட்டது. தரையில் கிடக்கிற தானியத்தைக் கொத்த வராது. ஆழமான கிண்ணத்தில் குழைத்து வைத்தால் அள்ளித் தின்னும். ஏமாளி என்று தெரிந்ததும் மற்றவை அதன் முதுகில் கொத்திக் கொத்திப் புண்ணாக்கியிருந்தன. சிவப்பைப் பார்த்தால் கோழிகளுக்கு வெறி வந்துவிடும். அதனால் புண்மேல் நீல மருந்து தடவி அந்தச் சிவப்பை மறைத்து வைத்திருந்தாள். அலகை வாரம் ஒருமுறை, லேபில் பல் செட்டை ராவுகிற சின்ன அரத்தால் ராவி விடுவாள். இந்த வாரம் அரம் போதவில்லை. வளர்த்தி அதிகமாக இருந்தது. போதாததற்கு அலகின் மூலையில் அதற்கும் ஒரு பரு.

"இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி இந்த வைத்தியம்?"

சமையலறை வாசலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். வாண்டு படிக்கிற பள்ளியிலேயே மழலையர் வகுப்பு டீச்சர். வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான், கட்டின புருஷனுக்குக்கூட. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரி முழுக்க முதுகைச் சொறியணும் சொறியணும்னு அழுதா. கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றாள்.

"நான் கொஞ்ச நேரம் உக்காரட்டுமா? நீ படு."

"வேண்டாம் அண்ணி. இந்தக் கையோட வேண்டாம்."

பல்லக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அயோடின் கறை நகம் வரைக்கும் ஏறியிருந்தது.

தம்பி பின்னால் வந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவன். "அக்கா, வளைச்சுப் பேச எனக்கு வராது. டாக்டர் என்ன சொன்னாரு? அம்மைன்னாரு. உன் கோழிக்கு என்ன? அம்மை. இங்கிலீஷ்ல பேரே சிக்கன் பாக்ஸ். சிக்கன்னா என்னன்னு நான் உனக்குச் சொல்லணுமா?"

"பேரை வெச்சு நோய் ஒட்டாதுடா."

"பத்து நாளா வாண்டு இதுங்களுக்குத் தீனி வெச்சாளா, இல்லையா?"

"வெச்சா."

"அப்புறம் என்ன?"

அவளுக்கும் உறுதியாகத் தெரியாது. மூன்று நாளாக அவள் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததே அதுதான். நான்தானா? என்னாலதானா?

"இன்னைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றாள். "கோணவாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். டாக்டர்கிட்டயே கேக்கறேன். கோழியாலதான்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலமே எல்லாத்தையும் நானே கொண்டுபோய் விட்டுடறேன். இல்லைன்னா எழுதி வாங்கிட்டு வர்றேன். ஆறு மணி வரைக்கும் பொறு."

தம்பி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"ஆறு மணி" என்றான் தம்பி. "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

*

கால்நடை ஆஸ்பத்திரியில் நீளமான பெஞ்சு. ஒருபுறம் கண் வீங்கிய ஆடு, மறுபுறம் தும்மிக்கொண்டே இருந்த பூனை. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். ஓட்டை வழியாக வளைந்த அலகு அடிக்கடி வெளியே வந்து போயிற்று. பூனைக்காரர் இரண்டு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குரலில் களைப்பு. ஆனால் கை பதமாக இருந்தது. கோழியைக் கொடுத்த உடனே தலையைத் திருப்பி, அலகின் மூலையைப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"கோழி அம்மை. கொசு கடிச்சுப் பரவியிருக்கும், இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு கொத்தின காயம் வழியா. மூணு நாலு வாரத்துல பொருக்கு தானா உதிரும். பிய்க்காதீங்க. வந்ததைத் தனியா வையுங்க. வராததுக்குத் தடுப்பூசி போட்டுடலாம். தண்ணி தேங்கவிடாதீங்க. அயோடின் வெச்சது நீங்களா?"

"ஆமாங்க."

"நல்லா வெச்சிருக்கீங்க."

பத்து நாளில் அவளிடம் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

"டாக்டர், வீட்டுல குழந்தைக்கு சின்னம்மை வந்திருக்கு. ஆறு வயசு. இதுலேருந்து ஒட்டியிருக்குமா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. அந்த நோய்க்கு சிக்கன் பாக்ஸ்னு பேர் வெச்சவன் கையில கிடைச்சா நாலு சாத்து சாத்தணும். இது வேற கிருமி, அது வேற கிருமி. கோழி அம்மை மனுஷங்களுக்கு வரவே வராது. குழந்தைக்கு இன்னொரு குழந்தைகிட்டேருந்துதான் வந்திருக்கும்."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"யார்கிட்டக் காட்டணும்?"

"தம்பிகிட்ட."

டாக்டரம்மா சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பிறகு அலகுக்கு வந்தார்கள். கோணவாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அலகுக்குப் பின்னால் டார்ச் அடித்தார் டாக்டரம்மா. உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. "அதுதான் ரத்த ஓட்டம். அதுக்கு முன்னாடி வெளுப்பா இருக்கறதை மட்டும் வெட்டணும். ஒரே வெட்டுல வேண்டாம், நகம் வெட்டற மாதிரி துளித்துளியா."

மூன்றாவது வெட்டு கொஞ்சம் உள்ளே போய்விட்டது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா படிகாரத் தூளை விரலால் அழுத்தினார். பல்லக்கா பையிலிருந்து தன் அரத்தை எடுத்தாள். "நான் ராவட்டுமா?" மிச்சத்தை அவளே ராவி, மேலலகையும் கீழலகையும் ஏறக்குறைய ஒன்றோடொன்று பொருந்த வைத்தாள். லேபில் எத்தனை ஆயிரம் பல் செட்டை அப்படிப் பொருத்தியிருக்கிறாள்.

"எந்த ஸ்கூல், குழந்தை?" கை கழுவிக்கொண்டே கேட்டார் டாக்டரம்மா.

பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

"அட, அங்கேதான். எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணும் அங்கே மழலையர் வகுப்பு. மூணு வாரம் முன்னாடி பாதி வகுப்புக்குச் சின்னம்மை. நாலு நாள் வகுப்பையே மூடிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பள்ளியில் மழலையர் வகுப்புக்கு ஒரே ஒரு டீச்சர்தான்.

*

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாலு நாளை நினைவில் தேடினாள். டீச்சர் எந்த நாளும் வீட்டில் இருக்கவில்லை. எட்டே காலுக்குச் சேலை கட்டி, சாப்பாட்டு டப்பாவோடு, வாண்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். நாலு மணிக்குத் திரும்பினாள். வகுப்பே இல்லாத நாலு நாள் எங்கே போய் உட்கார்ந்திருந்தாள்?

எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரமாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும், முதல் கொப்புளம் கிளம்பிய அன்றைக்கே "கோழியாலதான்" என்று சொன்னாள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இந்தக் கையோடு வேண்டாம் என்றாள்.

எரிச்சலோடு ஒரு சந்தோஷமும் இருந்ததைப் பல்லக்கா மறைத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். சீட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் படித்து முடிக்கும்வரை பேசாமல் நிற்க வேண்டும். பிறகு மெதுவாக, சத்தம் போடாமல், "டீச்சர், உன் வகுப்பை எதுக்கு மூடினாங்க?" என்று கேட்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே வந்தாள். இறங்கும்போது அது பாலிஷ் போட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். மணி இரண்டு.

கூண்டு திறந்து கிடந்தது. எதுவும் ஓடி வரவில்லை.

தண்ணீர்த் தட்டு கவிழ்ந்திருந்தது. தம்பி குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மதில் ஓரத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் புதிதாகக் கிளறப்பட்டு, மேலே சுண்ணாம்பு தூவப்பட்டிருந்தது.

"ஆறு மணின்னு சொன்னே" என்றாள்.

தம்பி அவளைப் பார்க்காமல் மண்வெட்டியின் காம்பைத் துடைத்தான். "நீ போனதுலேருந்து டீச்சர் அழுதுகிட்டே இருந்தா. இதுங்க சத்தம் கேக்கறப்பல்லாம் அழுதா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலைக்கா. கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். பருவில்லாத நாலை அவர் எடுத்துக்கிட்டாரு. மிச்சத்தை வேண்டாம்னுட்டாரு."

"மிச்சம் அஞ்சு."

"ஆமா."

"உயிரோடவா?"

"சேச்சே. அவர்தான்... அவர் பண்ணிக் கொடுத்துட்டுப் போனாரு. நான் பள்ளம்தான் தோண்டினேன்."

பல்லக்கா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பெட்டிக்குள் கோணவாய் கால் மாற்றி உட்கார்ந்தது. சீட்டு கைப்பையில் இருந்தது. அதை எடுத்து இவன் முகத்தில் விட்டெறிய வேண்டும். ஆனால் கால்கள் இவனைத் தாண்டி வீட்டுக்குள் போயின. இவனிடம் அப்புறம். முதலில் அவள்.

பெட்டியைத் தன் அறைக்குள் வைத்து, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். உத்தரவு கேட்காமல் குழந்தை இருந்த அறைக் கதவைத் திறந்தாள்.

வாண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில், கழுத்தில், காதோரத்தில் கொப்புளங்கள். டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பல்லக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு. உன் வகுப்பை நாலு நாள் மூடினாங்களாமே."

பஸ்ஸில் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியம் இது இல்லை. இது தானாக வந்து விழுந்தது.

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "அவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லை. இனிமேதான்."

"சொல்லாதீங்க அண்ணி."

"ஏன் சொல்லக்கூடாது? அங்கே போய்ப் பாரு. சுண்ணாம்பு போட்டு மூடி வெச்சிருக்கான். அதுங்க என்ன பண்ணிச்சு உன்னை? நான் என்ன பண்ணினேன்? மூணு நாளா குழந்தையை இந்தப் பாடு படுத்தறது நான்தானோன்னு நான் தூங்கலை. உனக்குத் தெரியும். தெரிஞ்சே என்னைப் பாத்து அந்தக் கையோட வேண்டாம்னு சொன்னே."

"கோழிதானேன்னு நினைச்சேன்" என்றாள் டீச்சர். குரல் காற்றாக வந்தது. "உங்க மேல போகும்னு... தெரியும். ஆனா நினைச்சுப் பாக்கலை. எனக்கு வேற வழி தெரியலை அண்ணி. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. ஒன்பது வாரம்."

பல்லக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

வாண்டுக்குப் பிறகு டீச்சருக்கு இரண்டு முறை கலைந்திருந்தது. இரண்டாவது முறை, போன வருஷம், பல்லக்காதான் ஆட்டோவில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி நடையில் நின்று தம்பி சொன்னதையும் அவள்தான் கேட்டாள். "நாள் பூரா நின்னு நின்னு அந்த ஸ்கூலைக் கட்டிக்கிட்டு அழுதா எப்படித் தங்கும்? இன்னொரு தடவை உண்டானா, அந்த வேலைக்குத் தலை முழுகிடணும். சத்தியம் பண்ணு." மயக்கம் தெளியாமல் கிடந்தவளிடம் கையை நீட்டிச் சத்தியம் வாங்கினான். அப்போது பல்லக்கா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இருக்க இடம் கொடுத்த தம்பி.

"அந்த வேலை ஒண்ணுதான் அண்ணி எனக்குன்னு இருக்கு" என்றாள் டீச்சர். "அஞ்சு மாசம் ஆகட்டும், வயிறு தெரியறப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வகுப்புல அம்மை. மூடின நாலு நாளும் வாண்டுவை அவ வகுப்புல விட்டுட்டு, லைப்ரரியில போய் உக்காந்துட்டு வந்தேன். வகுப்பை மூடினது தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடுவாரு. இப்போ குழந்தைக்கு ஸ்கூல்லேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா..."

"சரி, அதை விடு. உனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

டீச்சர் தலையை ஆட்டினாள். "வரலை. அம்மா வரலைன்னுதான் சொல்லுவாங்க."

"வராதவ, மூணு நாளா இந்தக் குழந்தை மேல கையை வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கே."

"பெத்த குழந்தையை வேற யார் பாத்துப்பா அண்ணி?"

நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பல்லக்கா சொல்லவில்லை. எனக்கும் உன் புருஷனுக்கும் ஒரே வாரத்தில் அம்மை வந்து ஒரே பாயில் கிடந்தோம், எங்களுக்கு மறுபடி வராது, என்னை விட்டிருக்கலாம் என்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"எழுந்திரு. சேலையை மாத்து. டாக்டரைப் பாக்கணும், இப்பவே."

"அவர் கேட்டா?"

அதற்குள் கதவு தட்டப்பட்டது. "உள்ளே என்ன ரகசியம்? கதவை ஏன் சாத்தியிருக்கு?"

பல்லக்கா தாழ்ப்பாளை நீக்கினாள். தம்பியின் முகம் கழுவித் துடைத்திருந்தது. கால் நகங்களில் மண் இருந்தது.

"டீச்சருக்கும் உடம்பு கணகணன்னு இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றேன். நீ குழந்தையைப் பாத்துக்க. உனக்கு ஏற்கெனவே வந்துபோனதுதான், ஒண்ணும் ஆகாது."

"நானே கூட்டிட்டுப் போறேனே."

"குழந்தை எழுந்தா தூக்கணும். என் கையால வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் நகர்ந்து வழிவிட்டான். இரண்டடி போனபிறகு பின்னாலிருந்து கேட்டான். "ஆமா, உன் மாட்டு டாக்டர் என்ன சொன்னாங்க? எழுதி வாங்கிட்டு வர்றேன்னியே?"

டீச்சர் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தாள். நுழைத்த கால் அப்படியே நின்றது.

கைப்பையின் ஓரப் பையில், நாலாக மடித்து, முத்திரையோடு இருந்தது சீட்டு. எட்டு மணி நேரத்துக்கு முன்னால் அந்தச் சீட்டுக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள்.

"கோழியாலயும் வரலாம்னாங்க" என்றாள் பல்லக்கா.

தம்பி நீளமாக மூச்சு விட்டான். பாரம் இறங்கிய முகம். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றான். பிறகு, ரொம்பப் பெரிய மனசு பண்ணுகிறவன் போல, "சரி விடு, போனது போகட்டும். அந்தப் பெட்டியில இருக்கிறதையும் சாயங்காலம் கொண்டுபோய் விட்டுடு" என்றான்.

அவளால் அதற்கும் சரி என்றுதான் சொல்ல முடிந்தது.

*

லேடி டாக்டர் கோபப்படவில்லை. அதுவே டீச்சரை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. தேதிகளைக் கேட்டார். வகுப்பில் முதல் குழந்தைக்கு எப்போது, வீட்டுக் குழந்தைக்கு எப்போது என்று எழுதிக்கொண்டார்.

"மூணு வாரமா அந்தக் குழந்தைங்களோட இருந்தும் உங்களுக்கு வரலைன்னா, உடம்புல ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கலாம். சின்ன வயசுல லேசா வந்து போயிருக்கலாம், அம்மாவுக்கே தெரியாம. ரத்தம் பாத்தா தெரிஞ்சிடும். எதிர்ப்பு இல்லைன்னா ஊசி போடணும், அதுல தாமதம் பண்ணக்கூடாது. நாளைக்குக் காலையில ரிசல்ட் வரும். அதுவரைக்கும் குழந்தை இருக்கற அறைக்குள்ள போகாதீங்க. நாளைக்கு வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"அவர் வரணுமா?" என்றாள் டீச்சர்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு. அவர்கிட்டயும் பேசணும்."

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு டீச்சர் வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பல்லக்கா பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நான் என்ன கைம்மாறு..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"பேசாதே. உனக்காகப் பொய் சொன்னேன்னு நினைக்காதே. வயித்துல இருக்கறதுக்காகச் சொன்னேன். அஞ்சு கோழியை மண்ணுல போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினா என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது."

டீச்சர் பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பல்லக்காவின் போன் அடித்தது. தம்பி.

"குழந்தை எழுந்துட்டாளா?" என்றாள் எடுத்ததும்.

"தூங்கறா." குரல் வேறு மாதிரி இருந்தது. "ஸ்கூல்லேருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பண்ணினாங்க. டீச்சர் போன் எடுக்கலையாம், அதனால எனக்குப் பண்ணினாங்களாம். வாண்டுக்கு எப்படியிருக்கு, டீச்சருக்கும் வந்துடுச்சான்னு கேட்டாங்க. வகுப்புல இன்னும் மூணு பேருக்குப் புதுசா வந்திருக்காம். மூணு வாரமா இருக்காம் அங்கே."

டீச்சர் பல்லக்காவின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். இடைவெளியைக் கடந்து நகர்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

"மத்தியானம்தான் தெரிஞ்சுது."

"மத்தியானம் எப்போ? நான் அதுங்களை... அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"டாக்டரம்மா சொன்னாங்க. கோழிக்கு வர்றது மனுஷங்களுக்கு வராதாம். எழுதியே கொடுத்தாங்க. சீட்டு என் பையிலதான் இருக்கு."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவன் கொல்லையில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அப்புறம் ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னே? ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"நீ ஆறு மணி வரைக்கும் பொறுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுதால் அழட்டும் என்றிருந்தது. ஆனால் அடுத்து வந்த குரலில் அழுகை இல்லை.

"டீச்சர் எதை மறைக்கறா?" என்றான். "வெறும் ஸ்கூல் விஷயத்துக்கு நீ எனக்குப் பொய் சொல்ல மாட்டே. உன்னை எனக்குத் தெரியும். போனை அவகிட்டக் குடு."

பல்லக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, பெஞ்சில் இருவருக்கும் நடுவே நீட்டினாள். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஞ்சு கீழே விழுந்து, ஊசி குத்திய இடத்தில் மறுபடி ஒரு துளி ரத்தம் கசிந்திருந்தது.

"என்னால இன்னொரு பொய் சொல்ல முடியாது" என்றாள் பல்லக்கா. "பிடி."